திருப்பிச் சொல்லுங்க, பாப்போம்

அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஏமாற்றுக்காரனைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

காஞ்சிபுரத்தில் மூட்டு வலிக்கென்றே இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அவரும் அங்கேதான் இருந்தார். டாக்டர் இல்லை. ஊசி போடமாட்டார், மருந்துச் சீட்டு எழுதமாட்டார். அவருடைய வேலை விளக்குவது. முட்டி தேய்ந்து வருகிறவர்களை உட்காரவைத்து, அவர்களுடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்லைப் பிரித்து முட்டிக்குள் ஊசியாகப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்வார். 'விளக்கம் சொல்ற சார்' இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் ஜனங்கள் உள்ளே வருவார்கள். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

ஊர் தாமல் பக்கம். ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற குடும்பம். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு, பட்டத்தை முடிக்காமலே திரும்பி வந்தவர்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் பேசி நான் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, நோயாளியின் முட்டிக்கு நேராகத் தன் முட்டி வரும்படி உட்காருவார். "இன்னா தொழில் பண்றீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அப்புறம். தொழிலைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். ஆளை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது என்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கழனிக்காரர் வந்தால் ஏரியைக் கொண்டுவருவார். "ஏரியில இருக்குறது ஒரே தண்ணிதான். எந்த மதகைத் திறக்குறமோ அந்தக் கழனிக்குப் போவுது. ஸ்டெம் செல்லும் அப்படித்தான்பா. எலும்பாவும் ஆவும், கொழுப்பாவும் ஆவும், முட்டி நடுவுல மெத்தை மாதிரி இருக்குற ஜவ்வாவும் ஆவும். எதுவா ஆவணும்னு சொல்றதுக்கு உடம்புல சில சத்து இருக்குது. குரோத் ஃபேக்டர்னு பேரு. அதான் மதகு." இட்லிக் கடை வைத்திருப்பவருக்கு மாவு. "அதே மாவு. மிளகு, சுக்கு போட்டு மூங்கில் குடலையில ஊத்தினா கோயில் இட்லி, கல்லுல ஊத்தினா தோசை. மாவுக்குத் தெரியுமா தான் இன்னாவா ஆவப்போறோம்னு?" அவரவர் வீட்டுச் சோற்றையே அவரவருக்கு ஊட்டிவிடுவார். புத்தகத்தில் குருத்தெலும்பு என்று போட்டிருப்பதை ஒரு நாளும் அந்தப் பெயரில் அவர் சொன்னதில்லை. ஊரே ஜவ்வு என்று சொல்லும்போது தான் மட்டும் ஏன் வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்பார்.

எல்லாம் சொல்லி முடித்ததும் கையைத் தொடையில் தட்டி, "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க, பாப்போம்" என்பார். சொல்லாமல் யாரும் எழுந்துபோக முடியாது. ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவரைப் போல வியர்த்து வழிந்ததைப் பார்த்திருக்கிறேன். தப்பாகச் சொன்னால் கோபமே வராது. "புரியலைன்னா தப்பு எம்மேல" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். மருத்துவர்கள் முகத்தையே நிமிர்ந்து பார்க்காமல் சீட்டை நீட்டும் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று ஜனங்கள் உருகிப்போவார்கள். நானும் உருகிப்போனவள்தான்.

அவரால் எதையும் விளக்காமல் விட முடியாது. ஒரு நாள் காலை, மனைவியை அழைத்து வந்த ஒருவர் ரத்தம் எடுப்பதைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்தார். நான் தண்ணீருக்கு ஓடினேன், ஆயாம்மா விசிறிக்கு ஓடினாள். அவர் அந்த மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் கொறஞ்சுபோவுது, அவ்வளவுதாம்மா" என்று விரலால் தரையில் குழாய் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். விழுந்தவரின் தலை நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்தத் தலையை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சட்டைப் பையில் மூடி போட்ட குட்டிப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். உள்ளே மருந்துத் தண்ணீரில் நீலமாக ஓர் உருண்டை. வெந்த ஜவ்வரிசி அளவுதான் இருக்கும். "இது நான் வளத்த ஜவ்வு" என்று நோயாளிகளின் கையில் கொடுப்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் உண்மையிலேயே வளர்த்தது அது. ஸ்டெம் செல்களைக் குழாயின் அடியில் ஒன்றோடொன்று நெருங்கி உட்காரவைத்து, குரோத் ஃபேக்டர் கலந்த தண்ணீரை மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றி, மூன்று வாரம் காத்திருந்தால் அவை ஜவ்வாக மாறும். ஜவ்வுக்கு மட்டும் பிடிக்கிற நீலச் சாயத்தைப் போட்டால் ஊறிப்போய் நீலமாகும். அந்தச் சாயம் முதன்முதலில் பிடித்த நாளைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடும். அதில் ஒரு துளிகூட நடிப்பு கிடையாது.

அந்தக் கதையின் மிச்சத்தை அவர் எனக்கு மட்டும்தான் சொன்னார். ஒரு மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடும்போது.

"அப்புறம் இன்னா ஆச்சு சார்?"

"எலி முதுகுல தோலுக்கு அடியில வச்சோம்மா. ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா நீலம் புடிக்கல. ஜவ்வு இல்ல. எலும்பு."

"எலும்பா?"

"ஆமா. ஜவ்வா ஆனதோட நிக்கல, அடுத்த படிக்குப் போயிடுச்சு. கொழந்தை வளரும்போது அப்படித்தானே, மொதல்ல ஜவ்வு, அப்புறம் எலும்பு. கொழாயில இருக்குற வரைக்கும் நான் இருக்கேன். எந்த சத்து, எவ்வளவு, எப்ப நிறுத்தணும், எல்லாம் என் கையில. உள்ள போயிட்டா நிறுத்துன்னு சொல்றதுக்கு ஆளில்லைம்மா." ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டார். "மூணு தடவ பண்ணேன். மூணு தடவையும் எலும்பு. போதும்னு வந்துட்டேன்."

எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தால் வரி விடாமல் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்து அறையில் நாங்கள் போட்டுக்கொண்டிருந்த ஊசிக்கும் அந்த எலிக்கும் முடிச்சுப்போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊசியில் குரோத் ஃபேக்டர் எதையும் நாங்கள் தனியாகச் சேர்ப்பதில்லை. மஜ்ஜையை மெஷினில் சுழற்றிப் பிரிக்கிறவள் நான், எனக்குத் தெரியும். மூன்று வாரம், மூன்று நாளைக்கு ஒரு தடவை என்பதெல்லாம் அவருடைய பழைய குழாயோடு போயிற்று. உள்ளே இருக்கிற முட்டி அந்த வேலையைச் செய்துகொள்ளும் என்பது நம்பிக்கை. தேய்ந்து, வீங்கி, வெந்துபோயிருக்கிற முட்டி! கேட்டவர்கள் எல்லாரும் அந்தச் சத்தும் ஊசியிலேயே போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். போகிறது என்று அவர் சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை.

என் அம்மா பட்டுத்தறி நெய்கிறவள். திருமுக்கூடல் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து தறி கற்றுக்கொண்டவள். தறிக்குழியில் இறங்கி மிதியை மிதித்து மிதித்து இடது முட்டி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லாரும் முட்டி போடும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சாமியாருக்கே தெரியும், ஒன்றும் சொல்லமாட்டார். இவளுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னும். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். முட்டியை அறுத்து இரும்பு வைத்தால் குழியில் இறங்க முடியுமோ முடியாதோ என்று அவளுக்குப் பயம். குழியில் இறங்கவில்லையென்றால் தான் எதற்கு உயிரோடிருக்க வேண்டும் என்று கேட்கிறவள் அவள்.

"எங்க சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடலாம்மா" என்றேன் நான். அவளாகப் போகவில்லை. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனது நான்.

அன்றைக்கு எங்கள் மருத்துவமனை டாக்டர் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். நெசவுக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்கள் ஆளே பேசினால் நன்றாயிருக்கும் என்று. என் போனில், என் கையால்தான் எடுத்தேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இன்னா தொழில்மா?"

"தறிதான்பா."

"ஜக்கார்டு பொட்டி இருக்குதா?"

"இல்லாம? பொடவையில பூ, புட்டா எல்லாம் அதுலதான் விழுது."

"அந்தப் பொட்டியில ஓட்டை போட்ட அட்டை மாட்றீங்க. மயில் அட்டை மாட்டினா மயிலு, மாங்கா அட்டை மாட்டினா மாங்கா. நூல் ஒண்ணுதானே? அதுக்குத் தெரியுமா, தான் மயிலா மாங்காவான்னு?"

"அதுக்கு இன்னா தெரியும்? அட்டை சொல்றதுதான்."

"அவ்வளவுதாம்மா. ஸ்டெம் செல்தான் நூலு. குரோத் ஃபேக்டர்தான் அட்டை. செல்லுங்க நெருங்கி ஒட்டிக்கினு, ஜவ்வு அட்டையை மாட்டினா அது ஜவ்வு."

அம்மா கையைத் தட்டினாள். அவளுடைய தறியை ஒரு படித்த மனுஷன் இவ்வளவு மரியாதையாக எடுத்துப் பேசி அவள் கேட்டதில்லை. திருப்பிச் சொல்லும்போது அவர் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். "மொதல்ல செல்லுங்க கிட்ட கிட்ட வந்து ஒட்டிக்கணும். இழை நெருக்கமா இல்லன்னா புட்டா தெளிவா விழாது, அந்த மாதிரி. அப்புறம் அட்டை சொல்ற மாதிரி ஜவ்வா ஆயிடும்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்பதுபோலத் தலையாட்டினார்.

அப்போதுதான் அம்மா கேட்டாள்.

"ஒரு சந்தேகம்பா. ஒடம்புப் புட்டா முடிஞ்சு முந்தானை வந்துச்சுன்னா அந்த அட்டையைக் கழட்டிட்டு வேற மாட்டுவோம். கழட்டலைன்னா அதே புட்டாதான் ஓடிக்கினே இருக்கும், பொடவை கெட்டுப்பூடும். முட்டிக்குள்ள ஜவ்வு வந்து முடிஞ்சதும் அட்டையை யாரு கழட்டுவாங்க?"

அவர் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பையிலிருந்த குழாயை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அருமையான கேள்விம்மா" என்றார். "அதெல்லாம் உடம்பு பாத்துக்கும்னுதான் சொல்றாங்க." திருப்பிச் சொல்லுங்க என்று சொல்லவில்லை. எழுந்துவிட்டார்.

போனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பதில் எனக்குத் தெரியும். ஊறுகாய் நக்கிக்கொண்டே அவர் சொன்ன அதே பதில். ஆளில்லை. வாயைத் திறந்திருக்கலாம். வேலைக்குப் பயந்தேன் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுகூட முழு உண்மை இல்லை. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். நானும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னார். "கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துடும்மா. நல்ல கேள்விதான், ஆனா மத்தவங்களைக் கொழப்பிவிட்டுடும்." எடுத்துவிட்டேன். அம்மா கையைத் தட்டிச் சிரிப்பதோடு வீடியோ முடிகிறது. அதை வீட்டில் போட்டுப் பார்த்தபோது, "நான் கேட்டது வரலியே?" என்றாள் அம்மா. "சின்னதா இருக்கணும்னு சொல்லிட்டாங்கம்மா, எடம் பத்தலை" என்றேன். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை என்று எழுதினேன் அல்லவா? சொன்னது நான்.

ஆபரேஷன் வேண்டாமென்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டோம். இடுப்பில் துளை போட்டார்கள், நான் சுழற்றிக் கொடுத்தேன், டாக்டர் ஊசி போட்டார். முதல் மாதம் வலி குறைந்த மாதிரி இருந்தது. படிக்கட்டில் இரண்டு படி கைபிடிக்காமல் ஏறிக்காட்டினாள். நாலாவது மாதம் பழையபடி ஆயிற்று. ஒரு வருஷம் போனதும் கால் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தது. எல்லா எடையையும் தாங்கித் தாங்கி வலது முட்டியும் போனது. பொறுங்கள், பொறுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லச் சொல்ல இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தறியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி உட்கார்ந்து நெய்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இழை அறுந்தால் சொல்லிக்கொண்டிருப்பாள்.

திரும்பப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இதயம் பலவீனமாக இருக்கிறது, மயக்க மருந்தைத் தாங்காது, இனி ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். எக்ஸ்ரேயில் முட்டியின் ஓரமெல்லாம் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது. தேய்ந்த முட்டியில் அப்படி வளர்வது வழக்கம்தான், ஊசியால் வந்தது இல்லை. எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், எனக்கும் தெரியும். அம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அட்டையை யாரும் கழட்டலை போலக்குது" என்றாள். நான் திருத்தவில்லை.

இதைக் கேள்விப்பட்டு அவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள். அம்மாவின் நாற்காலிக்கு எதிரில் ஸ்டூல் இல்லாததால் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார், முட்டிக்கு முட்டி. மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அதுமட்டும் சொல்லியிருந்தால் இதை எழுதவே மாட்டேன். அவர் ஏன் பலிக்கவில்லை என்று விளக்க ஆரம்பித்தார். வயசானால் செல்லும் சோர்ந்துபோகும், வீங்கின முட்டியில் ஜவ்வாகு என்கிற குரலைவிட வேறு குரல்கள் சத்தமாகக் கேட்கும், ஊசியில் உள்ளே போன செல்லில் பாதி சில நாளிலேயே செத்துப்போகும். பழைய நூலு, நனைஞ்ச அட்டை, ஆடுற தறி. ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. கடைசியில், பழக்கதோஷம், கையைத் தொடையில் தட்டிவிட்டார்.

"திருப்பிச் சொல்லுங்கம்மா, பாப்போம்."

அம்மா சொன்னாள். ஒரு தப்பில்லாமல். சொல்லிவிட்டு, அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, "நீ இன்னாபா பண்ணுவ, வுடு" என்று அவருக்கே ஆறுதலும் சொன்னாள். எனக்கு அந்த ஆப்பிளைத் தூக்கி அவர் மேலேயே வீச வேண்டும் போல இருந்தது. நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் அவர் வேறு ஊருக்குப் போனார். பெரிய இடமாம், பெரிய வேலையாம், அங்கேயும் விளக்குகிற வேலைதான். நானும் அங்கிருந்து விலகி வேறொரு லேபில் சேர்ந்துவிட்டேன். வீடியோ மட்டும் அங்கேயே இருக்கிறது. காத்திருக்கிற ஹாலில், சுவரில் மாட்டிய டிவியில், என் அம்மா நாள் முழுக்கக் கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கூரம் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரும் தறிக்காரர், அவருக்கும் இடது முட்டிதான்.

"உங்களை டிவியில பாத்தேங்கா. நம்ம தொழில்காரங்களே சொல்றாங்களேன்னு தைரியம் வந்துச்சு. ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டேன். வர்ற வாரம் எனக்கு ஊசி. உங்களைப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மா போர்வையை விலக்கிக் காலைக் காட்டவில்லை. திட்டவும் இல்லை. "கிட்ட வா" என்று, அதே பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்க்கச் சொல்லி, அந்த அம்மாளைத் தன் முட்டிக்கு நேராக உட்காரவைத்தாள்.

"முந்தானை வந்தா அட்டையைக் கழட்றோமா இல்லியா?"

"கழட்றோங்கா."

"கழட்டலைன்னா?"

"அதே புட்டா ஓடிக்கினு கெடக்கும்."

"முட்டிக்குள்ள யாரு கழட்டுவாங்கன்னு கேளு. உடம்பு பாத்துக்கும்னு சொல்வாங்க. யாரு உடம்பு பாத்துக்கிச்சு, அவங்களைக் கூப்ட்டு வந்து நடக்கவச்சுக் காட்டுன்னு கேளு. காட்ற வரைக்கும் இடுப்பைக் குடுக்காத." அம்மா கையைத் தொடையில் தட்டினாள். "இப்ப திருப்பிச் சொல்லு, பாப்போம்."

அந்த அம்மாள் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். பாதியில் விட்டார். அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அப்புறம் அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"நீயும் சொல்லுடி" என்றாள்.

சொன்னேன்.